பழைய எண், புதிய எண்

பார்சல் டெலிவரியில் வண்டி ஓட்டத் தெரிந்திருப்பது பாதி வேலைகூட இல்லை. லைசென்ஸ், இருசக்கர வாகனம், ஸ்மார்ட்போன் மூன்றும் இருந்தால் நாளைக்கே சேர்ந்துவிடலாம் என்று ஆள் எடுப்பவர்கள் சொல்வது உண்மைதான். சேர்ந்தவர்களில் பலர் மாதம் முடிவதற்குள் விட்டுவிட்டுப் போவதும் உண்மை. எளிய வேலை என்று சொல்லி எடுக்கப்பட்டவருக்கு அது எந்த இடத்தில் கடினமாகிறது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. முதல் நாள் ஒரு பழைய ஆளின் பின்சீட்டில் உட்காரவைத்து அனுப்புவார்கள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ கையில் தனி லோடு வந்துவிடும். சென்னை போன்ற நகரத்தில் இந்த வேலைக்கு வரும் ஒருவர் கற்க வேண்டியதெல்லாம் அந்த ஓரிரு நாள் இடைவெளியில்தான் இருக்கிறது, அல்லது அங்கே விடுபட்டுப் போகிறது.

வேலை புதிதும் அல்ல. இந்தியத் தபால் துறை 1877இல் வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. தபால்காரர் பொருளை வாசலில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்வார். பணம் அனுப்பியவருக்குப் போய்ச் சேரும். பஞ்சாங்கம், தைலம், நாவல், லேகியம் எல்லாம் இப்படித்தான் ஊர் ஊராகப் போயின. 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன் அதற்கு முன் விளம்பரத் தொழிலோடு தபால்வழி விற்பனையும் நடத்தியவர். ஃபிளிப்கார்ட் 2010இல் ‘கேஷ் ஆன் டெலிவரி’யைத் தொடங்கியபோது அது பெரிய புதுமையாகப் பேசப்பட்டது, நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. சட்டைக்குள் இருக்கும் ஆள் மட்டும் மாறிவிட்டார். தபால்காரர் அரசு ஊழியர். அவருக்கென்று ஒரு ‘பீட்’ உண்டு. ஆண்டுக்கணக்கில் அதே தெருக்கள், அதே வாசல்கள், மாதச் சம்பளம், ஓய்வூதியம். இன்று கம்பெனிப் பெயர் பொறித்த டி-ஷர்ட்டில் வாசலில் நிற்பவர் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் ஊழியர் அல்ல. கம்பெனியிடம் ஒப்பந்தம் எடுத்த வெண்டரின் ஆள், அல்லது ‘பார்ட்னர்’ என்று பெயர் சூட்டப்பட்டுத் தனியாக விடப்பட்ட ஆள்.

ஆகவே முதல் வேலை கேள்வி கேட்பது. சம்பளம் மாதக் கணக்கா, பாக்கெட் கணக்கா? பாக்கெட் கணக்கென்றால் டெலிவரி ஆகாமல் திரும்பி வருவதற்கும் வாடிக்கையாளரிடம் போய் எடுத்துவரும் ரிட்டர்னுக்கும் பணம் உண்டா? பெட்ரோல் யார் செலவு? பாக்கெட் தொலைந்தால் முழு விலையும் பிடிப்பார்களா? விபத்துக் காப்பீடு யார் பெயரில், எவ்வளவுக்கு? இவற்றைச் சேர்ந்த பிறகு கேட்டால் வரும் பதில் வேறு மாதிரி இருக்கும். வாய்வார்த்தையாகச் சொல்லப்படும் இன்சென்டிவ் பாதி நேரம் கைக்கு வராது. வாட்ஸப்பில் எழுதி வாங்கிவைத்தால் பேசுவதற்கு ஓர் ஆதாரமாவது இருக்கும்.

அடுத்து முகவரி. இந்த வேலையின் உண்மையான படிப்பு இதுதான். மற்றதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுவிடலாம், முகவரியைக் கற்க மாதங்கள் பிடிக்கும்.

இந்தியாவில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், படிக்க முடியாத கையெழுத்து, பல மொழிகள் என்ற குழப்பத்துக்கு ஆறு இலக்கத்தில் தீர்வு கண்டார்கள். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென் மண்டலம். முதல் மூன்றும் சேர்ந்து தபால் பிரிக்கும் மாவட்டத்தைச் சொல்லும், கடைசி மூன்று தபால் நிலையத்தைச் சொல்லும். கே.கே. நகர் என்று மட்டும் எழுதினால் அது சென்னையிலும் இருக்கிறது, மதுரையிலும் திருச்சியிலும் இருக்கிறது. 600078, 625020, 620021 என்று எழுதும்போதுதான் மூன்றும் பிரிகின்றன. பின்கோட்டின் திறமை அதோடு முடிந்துவிடுகிறது. 600042 என்றால் வேளச்சேரித் தபால் நிலையத்தின் எல்லை. எந்தத் தெரு, எந்த வாசல், எத்தனையாவது மாடி என்பதெல்லாம் அதன் கணக்கில் இல்லை. தொழிலாளியின் வேலை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

சென்னையில் கதவு எண்ணுக்கே ஒரு தனிச் சரித்திரம் உண்டு. மாநகராட்சி எண்களை மாற்றியமைத்த பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண்கள் ஒட்டிக்கொண்டன. சுவரில் ‘புதிய எண் 14, பழைய எண் 27’ என்று பெயின்டில் எழுதியிருக்கும். ஆன்லைனில் முகவரி கொடுப்பவர் அதை 14/27 என்று போடுவார், இன்னொருவர் 27/14 என்று போடுவார், மூன்றாமவர் 27 என்று மட்டும் போட்டுவிட்டு அது எந்த எண் என்று சொல்லமாட்டார். அந்தத் தெருவிலேயே வேறொரு வீட்டின் புதிய எண் 27ஆக இருக்கும். அங்கே அழைப்புமணி அடித்தால் பாக்கெட்டைக் கையெழுத்துப் போட்டு வாங்கிவைத்துக்கொள்ளும் நல்லவர்களும் இருப்பார்கள். அதன் பிறகு அதைத் திரும்ப வாங்க ஒரு பகல் போய்விடும். சாய்கோடு போட்ட எண் இன்னொரு பொருளிலும் வரும்: மனையைப் பிரித்து விற்ற இடங்களில் 12/3 என்பது பன்னிரண்டாம் மனையின் மூன்றாம் பாகம். புறநகரின் புதுக் குடியிருப்புகளில் கதவு எண்ணே இராது. பிளாட் எண்தான் இருக்கும், அதுவும் மனைப்பிரிவு போட்டவரின் வரைபடத்தில். நான்கு என்ற எண்ணுக்கு அடுத்தது முப்பத்தொன்றாக இருப்பது அங்கே சகஜம். எண்ணோடு பெயரையும் சேர்த்து வாசிப்பதும், பெயரைச் சொல்லிக் கேட்டு உறுதி செய்த பிறகே பாக்கெட்டை நீட்டுவதும் முதல் நாளிலிருந்தே பழக வேண்டியவை.

அடையாளச் சொற்களும் இப்படித்தான். பிள்ளையார் கோயில் எதிரில், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில், டாஸ்மாக் தாண்டி இடதுபுறம். பிள்ளையார் கோயில் இல்லாத தெரு கிடையாது. டாஸ்மாக் இடம் மாறும். கோடம்பாக்கத்தில் லிபர்ட்டி தியேட்டர் இடிக்கப்பட்டு நெடுங்காலம் ஆகியும் பஸ் நிறுத்தத்துக்கு இன்னும் லிபர்ட்டி என்றுதான் பெயர். நகரவாசிகள் கட்டடத்தைப் பார்த்து வழி சொல்வதில்லை, நினைவிலிருந்து சொல்கிறார்கள். வெளியூரிலிருந்து பிழைப்புக்கு வந்து மூன்று மாதமேயான இளைஞருக்கு அந்த நினைவு கிடையாது. அவருக்கு முன்னால் அதை வைத்திருப்பவர்கள் சிலரே: முனையில் இஸ்திரி போடுபவர், தண்ணீர் கேன் போடுபவர், பெட்டிக்கடைக்காரர், அபார்ட்மென்ட் செக்யூரிட்டி. இஸ்திரிக்காரருக்கு எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்போது வேலைக்குப் போகிறார்கள், எந்த வீடு காலி என்பதெல்லாம் தெரியும். இவர்களோடு பழகிவைத்திருப்பவர் அலையும் அலைச்சல் குறையும். அவர்களிடம் பாக்கெட்டை ஒப்படைக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. வாங்குபவரே போனில் சொன்னாலொழிய யாரிடமும் கொடுக்கக் கூடாது. சொன்னாலும் அதைச் செய்தியாக அனுப்பச் சொல்லி வைத்துக்கொள்ள வேண்டும்.

செல்போன் வரைபடம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று புதியவர்களுக்குத் தோன்றும். வரைபடத்தில் குத்தியிருக்கும் புள்ளி பல நேரம் வீட்டைக் காட்டுவதில்லை. ஆர்டர் போட்டவர் அப்போது எங்கே இருந்தாரோ அதைக் காட்டுகிறது. தரமணி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு மடிப்பாக்கம் வீட்டுக்கு ஆர்டர் போட்டவரின் புள்ளி தரமணியிலேயே நிற்கும். எழுத்தில் உள்ள முகவரியும் புள்ளியும் ஒத்துப்போகாதபோது எழுத்தையே நம்ப வேண்டும். தபால் துறை 2025 மே மாதம் ‘டிஜிபின்’ என்ற முறையை வெளியிட்டது. நாட்டை ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து-எண் கொண்ட குறியீடு கொடுத்திருக்கிறார்கள். ஐ.ஐ.டி. ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது. புழக்கத்துக்கு வந்தால் தனி வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் பெரிய உதவி. அபார்ட்மென்ட்டில் தரைத்தளத்துக்கும் பத்தாம் மாடிக்கும் ஒரே குறியீடுதான் வரும். அங்கே படியேறப்போவது எப்போதும்போல ஆள்தான்.

போனில் வழி கேட்பது ஒரு கலை. ‘அட்ரஸ் எங்க இருக்கு?’ என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் தெரு முனையிலிருந்து சொல்வாரா, மெயின் ரோட்டிலிருந்து சொல்வாரா, தன் வாசலில் நின்று சொல்வாரா என்பது தெரியாது. ‘மேடம், பார்சல் வந்திருக்கு. ரேஷன் கடை வாசல்ல நிக்கிறேன், கடையைப் பார்த்த மாதிரி. இங்கேருந்து எந்தப் பக்கம் வரணும்?’ என்று கேட்பதுதான் முறை. இருவருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் நின்றுகொண்டு, முகம் எந்தத் திசை என்பதையும் சொல்லிக் கேட்டால் பதில் பத்து நொடியில் வரும். வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பாக்கெட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் எல்லா ஹப்பிலும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், யாரும் கேட்பதில்லை.

காலையில் ஹப்பில் நடப்பது அந்த நாள் முழுவதையும் தீர்மானிக்கும். பாக்கெட்டுகளை ஸ்கேன் செய்து பெயரில் ஏற்றிக்கொண்ட நொடியிலிருந்து அவற்றுக்குத் தொழிலாளியே பொறுப்பு. நசுங்கியது, நனைந்தது, டேப் கிழித்து மறுபடி ஒட்டியது, எடைக்குப் பொருந்தாமல் லேசாக இருப்பது ஆகியவற்றை ஸ்கேன் செய்யுமுன்பே தனியே எடுத்து வைத்து, போட்டோ எடுத்து, ஹப் சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும். வெளியே கொண்டுபோன பிறகு காட்டினால் சந்தேகம் கொண்டுபோனவர் மேல்தான் விழும். எண்ணிக்கையும் அப்படியே: ஸ்கிரீன் ஐம்பத்தெட்டு என்று காட்டினால் கையிலும் ஐம்பத்தெட்டு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டக் கூடாது.

அடுக்குவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் தரையில் தெருவாரியாகப் பரப்புவார்கள். பிறகு தடித்த மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் பெரிதாக வரிசை எண் எழுதுவார்கள், பக்கத்தில் தெருவின் முதல் இரண்டு எழுத்து. லேபிளில் உள்ள பொடி எழுத்தை வெயிலில் நின்று வாசிக்கும் வேலை இதனால் மிச்சம். கடைசியில் கொடுக்க வேண்டியவை பையின் அடியில், முதலில் கொடுக்க வேண்டியவை மேலே. துணிப் பாக்கெட்டுகள் ஓரங்களில், பெட்டிகள் நடுவில். ஸ்கூட்டர் என்றால் கனமான ஒன்றிரண்டு பெட்டி கால் வைக்கும் இடத்தில். செல்போன் போன்ற விலை உயர்ந்தவை முதுகுப் பைக்குள், ஒருபோதும் பின்சீட்டு மூட்டையில் அல்ல. வாசலில் போய் நின்றுகொண்டு ஒரு பாக்கெட்டைத் தேட இரண்டு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் அறுபது பாக்கெட்டுக்கு இரண்டு மணி நேரம். ஹப்பில் கூடுதலாகச் செலவிடும் அரை மணி நேரம் அதற்கு ஈடு. புதியவர்கள் மற்றவர்களுக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று அவசரப்படுவதையும், பழைய ஆட்கள் டீ குடித்தபடி நிதானமாக அடுக்கிக்கொண்டிருப்பதையும் எந்த ஹப்பிலும் காணலாம். மாலையில் முதலில் திரும்புவது யார் என்பதையும் காணலாம்.

எந்த வரிசையில் போவது என்பது கணித உலகத்தையே திணறவைத்த கேள்வி. பத்து வீடுகளுக்குப் போக 36,28,800 வரிசைகள் சாத்தியம். அறுபது வீடுகள் என்றால் அந்த எண்ணுக்கு 82 இலக்கங்கள். இவ்வளவில் மிகச் சிறந்த ஒன்றைச் சட்டென்று கண்டுபிடித்துத் தரும் பொதுவான சூத்திரம் இதுவரை இல்லை; கம்பெனி ஆப் காட்டுவது ஏறத்தாழ நல்ல ஒரு வரிசை, அவ்வளவுதான். அமெரிக்காவின் யு.பி.எஸ். நிறுவனம் தன் ஓட்டுநர்கள் முடிந்தவரை இடப்பக்கம் திரும்பாதபடி ரூட் போடுகிறது. அங்கே வண்டிகள் வலப்பக்கம் போவதால் இடப்பக்கம் திரும்ப எதிர்வரும் வாகனங்களைக் கடக்க வேண்டும். நேரமும் எரிபொருளும் போகும், விபத்தும் கூடும். நமக்கு அது அப்படியே திரும்பும்: இங்கே வலப்பக்கத் திருப்பம்தான் ஆபத்து. தெருவின் இரு பக்கத்துக்கும் மாறி மாறிப் பாய்வதைவிட ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கமாகத் திரும்பி வருவது நல்லது. ஆப்புக்குத் தெரியாதவையும் உண்டு. பள்ளி இருக்கும் தெருவுக்குள் பள்ளி விடும் நேரத்தில் நுழைய முடியாது. அலுவலக முகவரிகளை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன் முடிக்க வேண்டும், சனிக்கிழமை அவை பாதி பூட்டியிருக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் மதியம் இரண்டிலிருந்து நான்குவரை மணி அடித்தால் திட்டு நிச்சயம். இவற்றை ஒரு சிறு நோட்டில் தெருவாரியாக எழுதிவைக்கும் வழக்கம் இருந்தால் மூன்று மாதத்தில் அந்த நோட்டுக்குத் தனி மதிப்பு வந்துவிடும். வாடிக்கையாளர்களின் பெயரோ போன் எண்ணோ அதில் இருக்கக் கூடாது. வழி போதும்.

வாசலில் செய்ய வேண்டியவை சில. அபார்ட்மென்ட் என்றால் முதலில் செக்யூரிட்டி; பெயர் எழுதி, ஆப்பில் அனுமதி வாங்கிக் காத்திருக்கும் நேரத்தில் அதே பிளாக்குக்கு உள்ள மற்ற பாக்கெட்டுகளுக்கும் சேர்த்து அனுமதி வாங்கிவிட வேண்டும். சில குடியிருப்புகளில் டெலிவரி ஆட்கள் சர்வீஸ் லிஃப்ட்டில்தான் ஏற வேண்டும் என்று போர்டே மாட்டியிருக்கிறார்கள். பொருள் மட்டும் எந்த லிஃப்ட்டில் போனாலும் அவர்களுக்குச் சம்மதம், கொண்டுவருபவர்தான் உறுத்துகிறார். இதில் புதியவர் வாதாடி ஜெயிக்க முடியாது, தொழிலாளர் சங்கம்தான் பேச வேண்டும். மேலிருந்து கீழாக வருவது முறை: லிஃப்ட்டில் கடைசி மாடிக்குப் போய், படியில் இறங்கிக்கொண்டே கொடுத்து வந்தால் லிஃப்ட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சம்.

மணியை ஒரு முறை அடித்துவிட்டுக் கதவிலிருந்து இரண்டடி பின்வாங்கி, உள்ளிருப்பவர் பார்க்கும்படி பாக்கெட்டை முன்னால் பிடித்து நிற்க வேண்டும். தனியாக இருக்கும் பெண்கள் கதவைத் திறக்கத் தயங்குவது இயல்பு. அதை அவமானமாக எடுத்துக்கொள்வது சரியல்ல. தண்ணீர் கொடுத்தால் வெளியிலேயே நின்று குடிக்கலாம், கூப்பிட்டாலும் உள்ளே போகக் கூடாது. ஓடிபி கேட்பது பாக்கெட்டைக் காட்டிய பிறகு. ஓடிபி சரியாக ஏறியதைப் பார்த்த பிறகே கையில் கொடுப்பது. ‘ஓபன் பாக்ஸ்’ டெலிவரி என்றால் வாடிக்கையாளர் கண்முன்னால் பிரித்து, பொருள் சரி என்று அவர் சொன்ன பிறகு ஓடிபி. நாய் விஷயத்தில் ‘கடிக்காது’ என்று சொந்தக்காரர் சொல்வதை நம்பிக் கேட்டைத் திறக்கக் கூடாது. கட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். மிச்ச பாக்கெட்டுகள் காத்திருக்கட்டும்.

பணம் வாங்கும் இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் இழக்கிறார்கள். நோட்டுகளை வாடிக்கையாளர் முன்னாலேயே எண்ண வேண்டும். சில்லறை இல்லை என்ற சண்டையைத் தவிர்க்கக் காலையிலேயே பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் மாற்றி வைத்துக்கொள்வார்கள் விவரம் தெரிந்தவர்கள். ஜிபே செய்துவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினால் அது பணம் ஆகாது, ஆப்பில் வரவு காட்டும்வரை நிற்க வேண்டும். கம்பெனி ஆப் காட்டும் க்யூஆரைத் தவிர வேறு எதிலும் வாங்கக் கூடாது. அவசரத்துக்குத் தன் சொந்த எண்ணில் வாங்கிவிட்டு மாலையில் ரொக்கமாகக் கட்டலாம் என்பது கணக்கில் திருட்டாகவே படியும். வசூலித்த பணத்தில் டீசல், பெட்ரோல், சாப்பாடு என்று கைவைத்து, சம்பளம் வந்ததும் சரிக்கட்டலாம் என்று நினைத்துச் சிக்கியவர்கள் ஒவ்வொரு ஹப்பிலும் ஓரிருவர் உண்டு. அன்றைய பணம் அன்றைக்கே கட்டப்பட வேண்டும், ரசீது போட்டோவோடு.

டெலிவரி ஆகாத பாக்கெட் இந்தத் தொழிலின் நோய். ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை, வேண்டாம் என்கிறார், முகவரி தவறு. ஒவ்வொன்றுக்கும் ஆப்பில் ஒரு பட்டன் உண்டு. மாலை ஏழு மணிக்குப் பத்து பாக்கெட் மிச்சம் இருக்கும்போது, போகாமலேயே ‘வாடிக்கையாளர் போன் எடுக்கவில்லை’ என்று அழுத்திவிடும் ஆசை எழும். தொழிலில் இதற்கு ‘ஃபேக் அட்டெம்ப்ட்’ என்று பெயர். வாங்குபவர்களை இதைவிடக் கோபப்படுத்துவது எதுவும் இல்லை, நியாயமான கோபம்தான். முடிக்கவே முடியாத எண்ணிக்கையில் லோடு ஏற்றிவிடுபவர்களுக்கும் இதில் சரிபாதிப் பங்கு உண்டு என்பதை யாரும் பேசுவதில்லை. ஆனாலும் பிடிபடுவது பட்டனை அழுத்தியவர்தான்: அழைப்புப் பதிவும் வண்டி நின்ற இடமும் கம்பெனியிடம் இருக்கும். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சூப்பர்வைசருக்கு ஐந்து மணிக்கே சொல்லிவிடுவதுதான் பாதுகாப்பு.

ரிட்டர்ன் எடுப்பதில் அவசரம் ஆகாது. புதுச் சட்டைக்குப் பதில் பழைய சட்டை, செல்போன் பெட்டிக்குள் சோப்புக் கட்டி என்று வருவது கதையல்ல. நிறம், அளவு, விலைச்சீட்டு, எலெக்ட்ரானிக் பொருள் என்றால் சீரியல் எண் எல்லாவற்றையும் ஆப்பில் உள்ளதோடு ஒப்பிட்டு, போட்டோ எடுத்துவிட்டு, வாடிக்கையாளர் முன்னால் மூடி ஒட்ட வேண்டும்.

வண்டியும் சட்டமும் அடுத்து. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். லைசென்ஸை மூன்று மாதம் முடக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது, அது போனால் பிழைப்பே போயிற்று. வண்டி ஓட்டும்போது கைப்பேசியை வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் விதி இருக்கிறது. ஹாண்டில் பாரில் ஸ்டாண்டு மாட்டிக்கொள்வது அதற்குத்தான். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு கூலி வேலைக்கு வண்டி ஓட்டினால், விபத்து நேரும்போது வண்டிக்கான இழப்பீடு மறுக்கப்படலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஏஜென்டிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி பிரேக் பிடித்ததும் நிற்காது. டயரில் காற்று, செயின், பின் பிரேக் மூன்றையும் காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் போன்றவற்றைக் கொண்டுபோகும் ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டி ஓட்டுநர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. தனி அனுமதி இல்லாததைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீட்டை மறுத்துவந்தது இதோடு முடிவுக்கு வந்தது.

பிறகு உடம்பு. சென்னையில் மே மாதத்து அக்னி நட்சத்திரத்தில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெளியே அலைவது மற்றவர்களுக்கு அறிவுரைக்குரிய விஷயம், டெலிவரிக்காரருக்கு அது வேலை நேரம். கழிப்பறை கிடைக்காது என்று பயந்து தண்ணீர் குடிக்காமலிருப்பது இந்தத் தொழிலில் பரவலான பழக்கம். பெண்களிடம் இன்னும் அதிகம். சிறுநீரகக் கல்லும் நீர்க்கடுப்பும் அதன் கூலி. எந்த பெட்ரோல் பங்க், எந்த மால், எந்த மெட்ரோ நிலையம் என்று கழிப்பறைகளையும் ரூட்டோடு சேர்த்து மனதில் குறித்துவைக்க வேண்டும். சென்னை மாநகராட்சி 2025இல் இவர்களுக்கென்றே குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளைத் திறக்கத் தொடங்கியது. முதல் முயற்சிகளில் ஒன்று அண்ணா நகரில். வடகிழக்குப் பருவமழையும் தீபாவளி விற்பனையும் ஒரே நேரத்தில் வருவது இன்னொரு கொடுமை. ஆண்டில் லோடு உச்சத்தில் இருக்கும் வாரங்களில்தான் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் நிற்கும். மூடி கழன்ற மேன்ஹோல் தண்ணீருக்கு அடியில் தெரியாது. அதில் இறங்கிப் போய்க் கொடுக்கும் அளவுக்கு அவசரமான செல்போன் உறை உலகத்தில் இல்லை.

வருமானத்தைக் கணக்கிடப் பலருக்குத் தெரியவில்லை. வங்கியில் விழுவது வருமானம் அல்ல. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 70 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் பெட்ரோல். நூறு ரூபாயை ஒட்டிய விலையில் அது தினம் 150 ரூபாய்க்குக் குறையாது. மாதம் 26 நாள் ஓடினால் நான்காயிரத்தை நெருங்கும். இதோடு ஆயில், டயர், பிரேக் ஷூ, இன்சூரன்ஸ், போன் டேட்டா, வண்டிக் கடன் தவணை. ஆண்டுக்கு இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி மூன்று ஆண்டில் விற்கும் விலையையும் கழிக்க வேண்டும். எல்லாம் போக மிஞ்சுவதை வேலை பார்த்த மணி நேரத்தால் வகுத்தால் வருவதுதான் உண்மையான கூலி. ஆறு மாதம் ஒரே பகுதியில் ஓடியவர் தன் கையில் உள்ள வழி அறிவுக்கு விலை பேசத் தகுதி உடையவர். பக்கத்து ஹப் கூடுதலாகத் தருகிறதா என்று விசாரிப்பதில் துரோகம் எதுவும் இல்லை.

பாதுகாப்பு என்று சட்டம் தருவது இப்போதைக்குக் கொஞ்சம். சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2020 முதல்முறையாக ‘கிக்’ தொழிலாளர்களையும் தளம்சார் தொழிலாளர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது; நடைமுறைக்கு வர 2025 நவம்பர் 21 ஆகிவிட்டது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதத்தை நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது அது. தமிழ்நாடு அரசு 2023 சுதந்திர தின உரையில் அறிவித்து, அந்த ஆண்டு இறுதியில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கெனத் தனி நல வாரியம் அமைத்தது. வாரியத்தில் பதிவு பெற்ற 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்பது 2025-26 நிதிநிலை அறிக்கையின் அறிவிப்பு. பதிவு செய்யாதவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. டெலிவரி வேலையில் சேரும் வாரத்திலேயே வாரியத்திலும் மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பெயரைப் பதிந்துவிட வேண்டும். இ-ஷ்ரமுக்கு ஆதார், ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண், வங்கிக் கணக்கு விவரம் போதும். தானே பதிந்துகொண்டால் கட்டணம் கிடையாது.